படம் முடிந்த பிறகு என்ன நடந்தது? - ஏர் டெக்கானின் கதை



'சூரரைப் போற்று' பார்க்காதவர்கள் நம் வகுப்பில் யாரும் இருக்க மாட்டார்கள். 2020 நவம்பரில், கொரோனா காலத்தில், தியேட்டருக்குப் போகாமல் நேராக வீட்டுக்கே வந்த படம். கடைசியில் விமானம் பறக்கிறது, சாதாரண ஜனங்கள் ஏறுகிறார்கள், நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போகிறோம். சுபம்.

ஆனால் எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். அத்தனை பாடுபட்டு ஆரம்பித்த அந்த விமான நிறுவனம் இப்போது எங்கே? விமான நிலையத்துக்குப் போனால் இண்டிகோ இருக்கிறது, ஏர் இந்தியா இருக்கிறது, ஸ்பைஸ்ஜெட் இருக்கிறது. ஏர் டெக்கான் என்று ஒரு கவுன்ட்டரைக்கூடக் காணோமே?

தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். படம் முடிந்த இடத்திலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. ஆனாலும் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வந்தால்தான் விஷயம் புரியும்.

முன்கதைச் சுருக்கம்

சின்ன ஊர்களுக்கு விமானம் விட வேண்டும் என்று முதலில் நினைத்தவர் கேப்டன் கோபிநாத் இல்லை. 1981லேயே மத்திய அரசு 'வாயுதூத்' என்று ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சேர்ந்து நடத்திய குட்டி நிறுவனம் அது. நம் நெய்வேலிக்கும் தஞ்சாவூருக்கும்கூட ஒரு காலத்தில் வாயுதூத் விமானம் வந்து போனது என்றால் இன்று யாரும் நம்ப மாட்டார்கள். கட்டணம் கட்டுப்படியாகவில்லை, நஷ்டம் ஏறியது, 1993இல் இந்தியன் ஏர்லைன்ஸோடு சேர்த்துவிட்டார்கள்.

அதே 90களில் தனியாருக்குக் கதவு திறந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட என்.இ.பி.சி. ஏர்லைன்ஸ் சின்ன ஊர்களுக்குப் பறந்தது. 1997இல் அதுவும் மூடப்பட்டது. ஆக, சின்ன ஊர்க்காரர்களுக்கு விமானம் வருவதும் போவதும் அப்போதே பழகிப்போன ஒன்று.

2003இல் வந்தது ஏர் டெக்கான். இதைத் தொடங்கிய ஜி.ஆர்.கோபிநாத், படத்தில் வருவதுபோல் சோழவந்தான்காரர் இல்லை. கர்நாடகாவில் ஹாசன் மாவட்டத்தில் கொரூர் என்ற கிராமத்துக்காரர். ராணுவத்தில் கேப்டன், பிறகு விவசாயி, பட்டுப்புழு வளர்ப்பவர், பிறகு ஹெலிகாப்டர் வாடகைக்கு விடும் தொழில். கடைசியாகத்தான் விமானம்.

முதலில் 48 பேர் உட்காரும் ஏடிஆர் ரக விமானங்கள். தமிழில் சொன்னால், காற்றாடி வைத்த விமானம்! சாப்பாடு இலவசம் கிடையாது, தண்ணீர்கூடக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பிசினஸ் கிளாஸ் கிடையாது. சீட் நம்பரும் கிடையாது, முதலில் ஏறுகிறவர் பிடித்த இடம் அவருக்கு. நம் பஸ் ஸ்டாண்டில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கலையை வானத்துக்கு ஏற்றுமதி செய்த பெருமை ஏர் டெக்கானையே சேரும் :-)

டிக்கெட்டை இன்டர்நெட்டில் விற்றார்கள், போனில் விற்றார்கள், பெட்ரோல் பங்க்கில்கூட விற்றார்கள். சீக்கிரம் பதிவு செய்தால் ரொம்பக் குறைவு, கடைசி நேரத்தில் வந்தால் அதிகம் என்ற விலைமுறையை நம் ஊருக்குப் பழக்கியது அவர்கள்தான். அதில் ஒரு ரூபாய் டிக்கெட்டும் உண்டு (வரி தனி!). ஆர்.கே.லக்ஷ்மண் வரைந்த 'காமன் மேன்' - வேட்டி, கட்டம்போட்ட கோட்டு, மூக்குக்கண்ணாடி - அவர்தான் விளம்பர முகம்.

குறை இல்லாமல் இல்லை. ஹைதராபாத் - விஜயவாடா தொடக்கப் பயணத்திலேயே, அரசியல் தலைவர்கள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது, இன்ஜினில் தீப்பிடித்தது. தாமதத்துக்கும் ரத்துக்கும் பேர் போன நிறுவனம் என்றும் சொல்வார்கள். ஆனாலும் நான்கே வருடத்தில் 40க்கும் மேற்பட்ட விமானங்கள், 60க்கும் மேற்பட்ட ஊர்கள். ஹூப்ளி, பெல்காம், ராஜமுந்திரி, காண்ட்லா, அப்புறம்... தூத்துக்குடி.

பெரியம்மாவின் விமானம்

தூத்துக்குடி என்று எழுதியதும் என் பெரியம்மாவின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தக் கட்டுரையை எழுத நினைத்ததற்கே காரணம் அதுதான்.

நான் அப்போது கைக்குழந்தை. பெரியம்மா தூத்துக்குடியில், தாத்தா சென்னையில். 2006இல் ஒருநாள் காலையில் போன். தாத்தாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், உடனே கிளம்பி வரவும். உடனே என்றால்? சாயங்காலம் முத்துநகர் எக்ஸ்பிரஸ் பிடித்தால் மறுநாள் காலையில்தான் எழும்பூர். பகல் பஸ் பிடித்தாலும் போய்ச்சேர நள்ளிரவு ஆகும். பெரியப்பாவுக்குத்தான் யோசனை வந்தது, வாகைக்குளத்திலிருந்து சென்னைக்கு விமானம் விட்டிருக்கிறார்களே என்று. அந்த வாரம் சீட்டுப் பணம் வந்திருந்தது. இன்டர்நெட் சென்டருக்கு ஓடிப்போய் டிக்கெட் எடுத்து வந்தாராம்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் விமானம் ஏறியது பெரியம்மாதான். பயத்தில் கண்ணையே திறக்கவில்லையாம். அன்று சாயங்காலம் தாத்தாவுக்கு நினைவு இருந்தது. "நீ எப்படி அதுக்குள்ள வந்த?" என்று கேட்டாராம். பெரியம்மா "பறந்து வந்தேன்பா" என்றாராம். மறுநாள் விடிவதற்குள் தாத்தா போய்விட்டார். முத்துநகர் எழும்பூருக்கு வந்து சேர்வதற்குக் கொஞ்ச நேரம் முன்பு.

அந்த போர்டிங் பாஸில் எழுத்து எல்லாம் வெளுத்துவிட்டது. பெரியம்மா இன்னும் அதைத் தாத்தா போட்டோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். விமானப் பயணம் பணக்காரர்களின் ஆடம்பரம் என்று யாராவது பேசினால் எனக்கு அந்த வெளுத்துப்போன காகிதம்தான் ஞாபகம் வரும்.

விற்றது எதை, வாங்கியது எதை?

சரி, கதைக்கு வருவோம். இவ்வளவு ஜனம் ஏறிய விமானம் ஏன் நின்றது?

ஜனம் ஏறுவது வேறு, லாபம் வருவது வேறு என்பதுதான் பதில். 2005இல் கிங்ஃபிஷர், ஸ்பைஸ்ஜெட், கோஏர், 2006இல் இண்டிகோ என்று வரிசையாகப் போட்டியாளர்கள் வந்தார்கள். எல்லோரும் விலையைக் குறைத்தார்கள். அதே நேரத்தில் எண்ணெய் விலை ஏறியது. 2003இல் பீப்பாய் 30 டாலர் பக்கம் இருந்த கச்சா எண்ணெய், 2008 ஜூலையில் 147 டாலரைத் தொட்டது. போதாததற்கு விமான எரிபொருளுக்கு மாநிலங்கள் போட்ட வரி. தமிழ்நாட்டில் அது 29 சதவீதம் வரை போனது. 2006இல் பங்கு வெளியிட்டுப் பணம் திரட்டப் பார்த்தார்கள். வரவேற்பு மந்தம், விலையைக் குறைத்து, தேதியை நீட்டித்துத்தான் விற்க முடிந்தது.

2007 மே கடைசியில் விஜய் மல்லையாவின் யு.பி. குழுமம் 550 கோடி ரூபாய் கொடுத்து 26 சதவீதப் பங்கை வாங்கியது.

இங்கேதான் நான் படித்ததிலேயே சுவாரசியமான விஷயம். அப்போது இந்தியாவில் ஒரு விதி இருந்தது. ஒரு நிறுவனம் வெளிநாட்டுக்கு விமானம் விட வேண்டுமென்றால் உள்நாட்டில் 5 வருடம் பறந்திருக்க வேண்டும், 20 விமானம் வைத்திருக்க வேண்டும். கிங்ஃபிஷர் பிறந்தது 2005 மே மாதம். அதற்கு 5 வயது ஆக 2010 வரை காத்திருக்க வேண்டும். ஏர் டெக்கானுக்கோ 2008 ஆகஸ்டிலேயே 5 வயது முடிந்துவிடும்!

2008இல் இரண்டு நிறுவனங்களும் இணைந்தன. சட்டப்படி ஏர் டெக்கானின் கம்பெனிதான் தொடர்ந்தது, பெயர் மட்டும் கிங்ஃபிஷர் என்று மாறியது. 2008 செப்டம்பரிலேயே பெங்களூரிலிருந்து லண்டனுக்கு கிங்ஃபிஷர் பறந்துவிட்டது. விமானங்கள், வழித்தடங்கள், பயணிகள் எல்லாமும்தான் கைமாறின. ஆனால் அவசரமாகத் தேவைப்பட்டது ஏர் டெக்கானின் வயது! தூத்துக்குடிக்கும் ராஜமுந்திரிக்கும் பறந்து சேர்த்த ஐந்து வருடம், லண்டன் போகும் டிக்கெட்டாக மாறியது.

சத்தமில்லாத மூடல்

ஒரு கடையை மூடினால் ஷட்டர் இறங்கும் சத்தமாவது கேட்கும். ஏர் டெக்கான் அப்படி மூடவில்லை. முதலில் 'சிம்ப்ளிஃப்ளை டெக்கான்' என்று பெயர் மாறியது. இரண்டு உள்ளங்கைகள் சேர்ந்து பறவை போலிருந்த சின்னம் போய், மீன்கொத்திப் பறவை வந்தது. 2008இல் 'கிங்ஃபிஷர் ரெட்' ஆனது. 2011 செப்டம்பர் 28 அன்று, குறைந்த கட்டணத் தொழிலே வேண்டாம், ரெட்டை நிறுத்துகிறோம் என்று மல்லையா அறிவித்தார். சாமானியனுக்காகத் தொடங்கிய விமானத்தின் கடைசி மிச்சமும் அதோடு போயிற்று.

அடுத்த ஒரே வருடத்தில் தாய் நிறுவனமும் விழுந்தது. 2011 நவம்பரில் நாளுக்குப் பல விமானங்கள் திடீர் ரத்து. 2012இல் ஊழியர்களுக்குப் பல மாதச் சம்பள பாக்கி, வேலைநிறுத்தம். 2012 அக்டோபர் 20 அன்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் உரிமத்தை நிறுத்திவைத்தது. வட்டியோடு சேர்த்து 9,000 கோடி ரூபாய்க்கு மேல் வங்கிக் கடன் என்று நாம் செய்தியில் கேட்டுக்கேட்டுச் சலித்தது இதைத்தான்.

அந்தச் செய்திகளில் வங்கி வந்தது, மல்லையா வந்தார், லண்டன் வந்தது. பயணி மட்டும் வரவில்லை. அதனால் இனி பயணியைப் பற்றிப் பேசுவோம்.

கணக்கில் வரும் பயணி

விமான நிறுவனம் மூடும்போது பாதிக்கப்படும் பயணிகள் இரண்டு வகை. முதல் வகை, கையில் டிக்கெட்டோடு நிற்பவர்.

இவர் பாடு எப்படி என்றால், சேவையை வாங்குவதற்கு முன்பே முழுப் பணத்தையும் கட்டியவர் இவர். சீக்கிரம் பதிவு செய்தால்தானே விலை குறைவு? அதனால் பணம் குறைவாக உள்ளவர்தான் மூன்று மாதம் முன்பே கட்டியிருப்பார். ஒரு வகையில் அவர் அந்த நிறுவனத்துக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்தவர். ஆனால் நிறுவனம் திவாலானால் பணம் பிரிக்கும் வரிசையில் அவர் எங்கே?

இப்போதுள்ள 2016ஆம் வருடத் திவால் சட்டத்தின்படி கலைக்கப்படும் நிறுவனத்தின் சொத்தில் முதல் பங்கு அந்த நடைமுறைச் செலவுகளுக்கு. அடுத்து அடமானம் வைத்துக் கடன் கொடுத்த வங்கிகளும் தொழிலாளர் சம்பள பாக்கியும். அதற்கடுத்து மற்ற ஊழியர்கள், அடமானமில்லாத நிதிக் கடன்காரர்கள், அரசு பாக்கி. இத்தனைக்கும் பிறகு 'மீதமுள்ள கடன்கள்' என்று ஒரு வரி வரும். டிக்கெட் வாங்கியவர் நிற்பது அங்கே. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர் கதைதான். அதுவரை இலையில் என்ன மிஞ்சும்?

2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது, 2024 நவம்பரில் அதைக் கலைத்துவிட உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது, 2025 ஜனவரியில் அதையும் கலைக்க உத்தரவானது. ஒவ்வொரு முறையும் இதே வரிசை, இதே கடைசிப் பந்தி. இங்கிலாந்தில் சுற்றுலா ஏற்பாட்டோடு சேர்த்து டிக்கெட் வாங்கியவர்களுக்கு 1970களிலிருந்தே ஒரு பாதுகாப்பு நிதி இருக்கிறது. நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லை.

கணக்கில் வராத பயணி

இரண்டாவது வகைப் பயணியிடம் டிக்கெட்டே இல்லை. அவர் இன்னும் பதிவே செய்யவில்லை. அடுத்த வருடம் ஒருநாள் காலையில் அவருக்கு ஒரு போன் வரப்போகிறது, என் பெரியம்மாவுக்கு வந்ததுபோல. அன்று விமானம் இருக்காது. இந்த நஷ்டத்தை எந்த நீதிமன்றத்திலும் பட்டியலிட முடியாது.

சென்னையிலும் பெங்களூரிலும் ஒரு நிறுவனம் போனால் இன்னொன்றில் ஏறிக்கொள்ளலாம், விலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். சின்ன ஊரில் அப்படி இல்லை. இதற்கு ஓடுதளத்தின் நீளமும் ஒரு காரணம். தூத்துக்குடி விமான நிலையத்தின் பழைய ஓடுதளம் 1,350 மீட்டர்தான். ஏர்பஸ் ஏ320 போன்ற பெரிய விமானத்துக்கு அது போதாது. ஏடிஆர் போன்ற காற்றாடி விமானம் வைத்திருப்பவர் மட்டும்தான் அங்கே வர முடியும். நாட்டில் அப்படிச் சின்ன விமானம் வைத்திருந்த நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதில் ஒன்று போனால், வேறொருவர் மனது வைக்கும்வரை கதவு சாத்தியதுதான். தூத்துக்குடிக்கு அதிர்ஷ்டம், கிங்ஃபிஷர் போனாலும் சின்ன விமானம் வைத்திருந்த ஸ்பைஸ்ஜெட் வந்தது. 2025 ஜூலையில் புதிய முனையமும் 3,115 மீட்டர் ஓடுதளமும் திறக்கப்பட்டன. இனி அந்த ஊர் ஏடிஆர் நிறுவனங்களை மட்டும் நம்பி இருக்க வேண்டியதில்லை.

எல்லா ஊருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. சேலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 90களில் விமான நிலையம் வந்தது, சேவை கொஞ்ச நாளில் நின்றது. 2009இல் கிங்ஃபிஷர் வந்தது, அதுவும் நின்றது. பிறகு 2018 மார்ச்சில்தான் ட்ரூஜெட். அந்த நிறுவனமும் 2022 தொடக்கத்தில் பறப்பதையே நிறுத்திவிட்டது. 2023 அக்டோபரில் மறுபடி சேவை தொடங்கியது. ஒரு ஊர் நான்கு முறை விமானத்தை வரவேற்றிருக்கிறது! ஒவ்வொரு முறையும் மாலை, மேளம், நீரூற்றி வரவேற்பு. நிற்கும்போது மட்டும் எந்த விழாவும் கிடையாது.

இது நம் நாட்டு நோய் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் ஃப்ளைபீ என்ற நிறுவனம் பெரிய நிறுவனங்கள் போகாத ஊர்களுக்குப் பறந்துகொண்டிருந்தது. 2020 மார்ச் 5 அன்று மூடப்பட்டது. சவுத்தாம்ப்டன் விமான நிலையத்தின் விமானங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அந்த ஒரே நிறுவனத்துடையவை. யோசித்துப் பாருங்கள், ஒரே காலையில் ஒரு விமான நிலையமே காலி! 2022இல் அதே பெயரில் மறுபடி தொடங்கினார்கள். 2023 ஜனவரியில் மறுபடி மூடினார்கள்.

மறுபடியும் முதலிலிருந்து

ஏர் டெக்கானுக்கும் இரண்டாம் பிறவி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. சின்ன ஊர்களை விமானத்தால் இணைக்க மத்திய அரசு 'உடான்' திட்டத்தைக் கொண்டுவந்தது. 2017 ஏப்ரலில் முதல் விமானம். சுமார் ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய், நிறுவனத்துக்கு ஏற்படும் நஷ்டத்தை மூன்று வருடம் அரசு ஈடுகட்டும். 2017 டிசம்பரில் கோபிநாத் அதே ஏர் டெக்கான் பெயரில் 18 இருக்கை விமானத்தோடு மறுபடி வந்தார். 2020இல் கொரோனா வந்தது, ஏப்ரலில் சேவை நின்றது, ஊழியர்களைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பினார்கள். அந்த வருடம் நவம்பரில்தான் 'சூரரைப் போற்று' வெளிவந்தது. திரையில் விமானம் மேலே ஏறிக்கொண்டிருந்தபோது நிஜ விமானம் தரையில் நின்றுகொண்டிருந்தது.

உடான் திட்டம் பற்றித் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023இல் ஓர் அறிக்கை கொடுத்தார். ஒதுக்கப்பட்டதில் ஆராய்ந்த வழித்தடங்கள் 774. தொடங்கியவை 371. மூன்று வருடம் முழுதாக ஓடியவை 112. மூன்று வருட உதவிக்காலம் முடிந்த பிறகும் தாக்குப்பிடித்தவை 54. வாயுதூத் காலத்திலிருந்து இன்றுவரை அதே பாடம்தான். சின்ன ஊருக்கு விமானத்தைக் கொண்டுவருவது கஷ்டமே இல்லை, நிற்காமல் ஓட்டுவதுதான் கஷ்டம்.

அப்படியென்றால் ஏர் டெக்கான் தோல்வியா? நான் முழுதாக அப்படிச் சொல்ல மாட்டேன். 2003இல் உள்நாட்டு விமானப் பயணம் வருடத்துக்கு ஒன்றரைக் கோடி பக்கம். 2007இல் 4 கோடியைத் தாண்டியது. 2023இல் 15 கோடியைத் தாண்டியது. நாம் இன்று இன்டர்நெட்டில் தேதி மாற்றி மாற்றி விலை பார்க்கிறோமே, அந்தப் பழக்கம் அவர்கள் தந்தது. அந்த நிறுவனம் தோற்றது, அதன் யோசனை ஜெயித்தது.

ஆனால் யோசனை ஜெயித்தது பெரிய ஊர்களில். சென்னை - டெல்லிக்கு மலிவு டிக்கெட் தர இன்று ஆள் இருக்கிறது. சின்ன ஊர்க்காரருக்கோ விமானம் இன்னும் ஒரு விருந்தாளிதான். எப்போது வரும், எத்தனை நாள் தங்கும் என்று சொல்ல முடியாது.

பஸ்ஸில் நம் அரசு இதை வேறு விதமாகப் பார்க்கிறது. ஒரு கிராமத்துக்கு இரண்டு நடை பஸ் விட்டால், கூட்டம் இல்லை என்பதற்காக உடனே நிறுத்திவிட முடியாது. ஊரே சாலையில் உட்கார்ந்துவிடும். விமானம் நின்றால் யாரும் சாலையில் உட்காருவதில்லை. அது நம் உரிமை என்ற எண்ணமே இன்னும் வரவில்லை. குறைந்தபட்சம் இரண்டு விஷயமாவது செய்யலாம் என்று தோன்றுகிறது. ஒன்று, முன்பதிவுப் பணத்தை விமானம் பறக்கும்வரை தனிக் கணக்கில் வைக்கச் சொல்லலாம். இரண்டு, ஒரே நிறுவனத்தை நம்பியிருக்கும் ஊரில் அது நிறுத்தினால் அடுத்தவர் வரும்வரை மாற்று ஏற்பாடு என்ன என்று முன்பே எழுதி வைக்கச் சொல்லலாம்.

போன வாரம் பெரியம்மாவிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். வயது, விதி, பங்கு, மல்லையா என்று எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்த பிளேன் இப்ப இல்லையா?" என்றார்.

"இல்ல பெரியம்மா. ஆனா வேற கம்பெனி விடுறாங்க, பெரிய ரன்வேயெல்லாம் போட்டிருக்காங்க" என்றேன்.

"அது சரி. நமக்கு அவசரம் வர்ற அன்னைக்கு இருக்குமா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை.